நாற்பத்தோராவது படம்

படத்தில் அக்கா வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

கட்டைவிரல் நகத்தைவிடக் கொஞ்சம்தான் பெரிய படம். அதில் அவள் முகம் ஒரு பட்டாணி அளவு, கண்கள் வெறும் இரண்டு புள்ளிகள். வேறு யாராவது பார்த்திருந்தால் கவனித்திருக்கவே மாட்டார்கள். அவனுக்கு மட்டும் சுருக்கென்றது. பள்ளிச் சீருடையில், இரட்டைச் சடையோடு, அப்பாவின் ஸ்கூட்டர் மேல் உட்கார்ந்து காமிராவையே முறைத்துக்கொண்டிருக்கும் பத்து வயது அக்கா. அந்தக் கண்கள் நேராகப் பார்த்தவை என்று அவன் எங்கே வேண்டுமானாலும் சத்தியம் செய்வான். அவற்றை நானூறு சதவீதத்துக்குப் பெரிதாக்கி, இமை இமையாக அழித்தவன் அவன்தான். அழித்தவனுக்குத் தெரியாதா?

இப்போது அவள் வலது பக்கம் பார்த்தாள். வலது பக்கத்தில், வரிசையில் அடுத்த படம் இருந்தது.

மதியம் இரண்டரை மணி. வெளியே வெயில் கொளுத்திக்கொண்டிருந்தது, அறைக்குள் இருட்டு. படம் திருத்துகிறவன் வேலை செய்யும் அறை அப்படித்தான் இருக்கும். நிறம் தப்பாகத் தெரியக்கூடாது என்று சுவருக்குச் சாம்பல் வண்ணம், ஜன்னலுக்குக் கனத்த கறுப்புத் திரை, பொழுதைச் சொல்ல ஒரு கடிகாரம். பதினாறு வருடமாக இதுதான் அவன் பிழைப்பு. கல்யாண ஆல்பத்தில் மணப்பெண்ணின் பருவை எடுப்பான், மாமனாரின் தொப்பையைக் குறைப்பான், கண்ணை மூடிக்கொண்டு நின்றவருக்கு இன்னொரு படத்திலிருந்து கண்ணை எடுத்து வைப்பான். ஸ்டுடியோக்காரர்கள் அவனை "மந்திரவாதி" என்று கூப்பிடுவார்கள். அவனும் அதைக் கேட்டு உச்சி குளிர்ந்துபோவான்.

நாலு மணிக்கு அக்காவின் வீட்டுக்காரரும் மகளும் வருகிறார்கள்.

மூன்று நாளைக்கு முன்னால் போன் வந்தது. "தம்பி, நான் உங்க அக்கா வீட்டுக்காரர் பேசறேன்" என்றார் அந்த மனிதர், கடன் கேட்கிறவர்போலத் தயங்கித் தயங்கி. "தொந்தரவா நினைக்காதீங்க. அவளோட சின்ன வயசுப் படம் ஒண்ணாவது உங்ககிட்ட இருக்குமா? எங்கிட்ட இருக்கறதெல்லாம் கல்யாணத்துக்கு அப்புறம் எடுத்தது. எங்க சுண்டெலிக்கு இப்ப ஒம்பது வயசு. அம்மா ஒம்பது வயசுல என்னை மாதிரியே இருந்தாங்களான்னு தினமும் கேக்கறா. நான் பார்த்திருந்தாத்தானே சொல்ல முடியும்?"

"இருக்குங்க. எல்லாமே இருக்கு. பத்திரமா வச்சிருக்கேன்" என்று சொல்லிவிட்டான் அவன்.

வாய் தானாகச் சொன்னது. அக்கா இறந்து ஒரு வருடம் ஆகியிருந்தது. செய்தி வந்த அன்று அவன் போகவில்லை. ஒரு ஆல்பம் மறுநாள் காலைக்குள் முடிய வேண்டும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். அந்த ஆல்பத்தை அவர்கள் அடுத்த மாதம்தான் வந்து வாங்கிப்போனார்கள்.

அக்கா வீட்டைவிட்டுப் போனது பதினொரு வருடத்துக்கு முன்னால். லாரி பட்டறையில் வேலை செய்யும் ஒருவரைக் கட்டிக்கொள்கிறேன் என்றாள், அப்பா முடியாது என்றார், ஒரு நாள் காலையில் அவள் கட்டில் காலியாக இருந்தது. அம்மா அவர்களுடைய சிறுவயதிலேயே இறந்துவிட்டதால் அவனுக்குத் தலை துவட்டிவிட்டதும் பரீட்சைக்கு எழுப்பிவிட்டதும் எல்லாம் அக்காதான். அப்பா நாலு மாதம் அவள் பெயரையே எடுக்கவில்லை. பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஹாலில் மாட்டியிருந்த குடும்பப் படத்தைக் காட்டி, "இதுல மட்டும் அவளை எடுத்துடுடா, கண்ணுல பட்டுக்கிட்டே இருக்கு" என்றார்.

இதுல மட்டும். அப்பா கேட்டது அந்த ஒரே ஒரு படத்தைத்தான்.

ஒரு மணி நேரத்தில் முடித்தான். அக்கா நின்ற இடத்தில் பின்னாலிருந்த திரைச்சீலையை இழுத்து மூடினான், அவள் கை கிடந்த தன் தோளில் சட்டைத் துணியைப் பூசினான். அற்புதமாக வந்தது. பிரிண்ட் போட்டுப் பழையதன் இடத்தில் மாட்டினான். அப்பா பார்த்தார், எழுந்து போனார். அவன் நிறுத்தவில்லை. அடுத்த படத்தைத் திறந்தான். அந்த ஒரு வாரத்தில் நாற்பது படங்கள். அக்காமேல் கோபம் என்றுதான் கேட்டவர்களிடம் சொன்னான். கோபமும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. வேலை நன்றாக வந்துகொண்டிருந்தது, கை சும்மா இருக்கவில்லை, அவ்வளவுதான். இதை நினைத்தால் இன்றைக்கும் அவனுக்குத் தன் கைகளைப் பார்க்கப் பிடிக்காது.

பழைய காகித ஆல்பம் அதற்கு முன்பே வீட்டுக்குள் தண்ணீர் புகுந்து ஒட்டிப்போயிருந்தது. அவன் ஸ்கேன் செய்து வைத்த படங்கள்தான் மிச்சம். அந்த மூலப் படங்களின் மேலேயே, அதே பெயரில், திருத்தியதைச் சேமித்தான். ஊரார் படம் என்றால் முதலில் ஒரு பிரதி எடுத்துவிட்டுத்தான் கை வைப்பான். வீட்டுப் படம்தானே என்று அலட்சியம். இரண்டு வருடம் கழித்து அப்பா ஒரு நாள் மெதுவாக வந்து நின்று, "அவ இருக்கற படம் ஒண்ணாவது இருக்காடா?" என்று கேட்டபோது, அவன் திரையைவிட்டுக் கண்ணை எடுக்காமலே "இல்லப்பா" என்றான். அப்பா தலையை ஆட்டிக்கொண்டு போனார். பிறகு சாகும்வரை கேட்கவில்லை.

அப்புறம் தினமும் கண்ணில் படுகிறதே என்று, "வீடு" என்ற அந்த ஃபோல்டரை ஒரு பழைய ஹார்ட் டிஸ்க்குக்குத் தூக்கிப் போட்டு, டிஸ்க்கைப் பரணில் போட்டான். படங்களை அடுக்கி வைக்கும் சாப்ட்வேருக்கு இது தெரியாது. அது தன் பட்டியலில் "வீடு" என்ற பெயரை அப்படியே வைத்துக்கொண்டு, ஃபோல்டர் எங்கே போனது என்று தெரியாமல் பக்கத்தில் ஒரு கேள்விக்குறியைப் போட்டுவைத்தது. எட்டு வருடமாக அந்தக் கேள்விக்குறியைத் தாண்டித்தான் அவன் தினமும் வேலைக்குப் போனான். ஒரு நாளும் அதைத் தொடவில்லை.

இன்றைக்கு வேறு வழியில்லாமல் தொட்டான். உள்ளே அக்கா இருந்தாள்.

யோசித்தபோது காரணம் புரிந்தது. முதல் நாள் படங்களைச் சேர்த்தபோதே சாப்ட்வேர் தனக்கென்று ஒரு குட்டிப் பிரதி எடுத்து வைத்திருந்தது. திருத்தியதெல்லாம் அதற்குப் பிறகு, வேறொரு சாப்ட்வேரில். குட்டிப் பிரதிகளை யாரும் புதுப்பிக்கவில்லை. மூன்று வயது அக்கா, பல் விழுந்த அக்கா, அவனை இடுப்பில் தூக்கி வைத்துக்கொண்டு ஒரு பக்கமாகச் சாய்ந்து நிற்கிற அக்கா. அவன் வாயைக் கையால் பொத்திக்கொண்டு அழுதான். கொஞ்ச நேரம்தான். அழுகை அடங்கிக் கண்ணைத் துடைத்துப் பார்த்தபோதுதான் அவள் பார்வை கண்ணில் பட்டது.

ஸ்கூட்டர் படத்தில் மட்டுமில்லை. அடுத்ததிலும். அதற்கு அடுத்ததிலும். எல்லா அக்காவும் வலது பக்கம் பார்த்தார்கள்.

"கண்ணு அசந்துபோச்சு" என்று அவன் வாய்விட்டுச் சொன்னான். அறையில் தன் குரலே அந்நியமாகக் கேட்டது.

அந்தக் குட்டிப் படங்களையே பிரிண்ட் போட்டுக் கொடுத்திருக்கலாம். கொஞ்சம் மங்கலாக இருக்கும், அவ்வளவுதான், அந்தக் குழந்தை ஒன்றும் சொல்லப்போவதில்லை. ஆனால் மங்கலாகக் கொடுத்தால் தெளிவான படம் எங்கே என்று ஒரு கேள்வி வருமே. அதற்குப் பதில் சொல்ல வேண்டுமே. ஒருவேளை அழிப்பதற்கு முன்னால் டிஸ்க்கில் ஒரு பிரதி போட்டு வைத்திருந்தேனோ, இருக்கும், பழக்கதோஷத்தில் செய்திருப்பேன் என்று மனம் பூசி மெழுகத் தொடங்கியது. பரணில் ஏறி டிஸ்க்கை எடுத்தான். தூசியைத் துடைத்துச் செருகினான். அது ஒரு தடவை செருமிவிட்டுச் சுழன்றது. காய்ந்த தூசி சூடாகும் வாசனை வந்தது. உள்ளே "வீடு" என்று ஒரே ஒரு ஃபோல்டர், நாற்பத்தொரு படங்கள்.

திறந்து பார்த்திருக்கலாம். பார்க்கத்தான் பயம். அவன் நேராகச் சாப்ட்வேருக்குப் போய், கேள்விக்குறியின் மேல் வலது பொத்தானை அழுத்தி, "காணாமல் போன ஃபோல்டரைக் காட்டு" என்பதைத் தேர்ந்தெடுத்து, டிஸ்க்கில் இருந்த "வீடு" ஃபோல்டரைக் காட்டினான். பெயர்கள் ஒவ்வொன்றும் பொருந்தின. கேள்விக்குறி மறைந்தது.

அதற்கு அடுத்த நொடியில்தான் அவனுக்கு உறைத்தது. டிஸ்க்கில் இருப்பது அவன் அழித்த படங்கள். பெயர் அதேதான் என்பதால் சாப்ட்வேர் இப்போது குட்டிப் பிரதிகளை அவற்றைப் பார்த்துப் புதுப்பிக்கும். முதல் வருடம் வேலை கற்றுக்கொள்கிறவன்கூடச் செய்ய மாட்டான் இந்தத் தப்பை.

திரையின் மேலே ஒரு மெல்லிய பச்சைக் கோடு நகர ஆரம்பித்தது. முதல் படம் ஒரு தடவை சிமிட்டியது. மூன்று வயது அக்கா உட்கார்ந்திருந்த பாயில் வெறும் பாய் இருந்தது.

அவன் நிறுத்துகிற பொத்தானை அழுத்தினான். அது சாம்பல் நிறத்தில் செத்துக் கிடந்தது. மறுபடி அழுத்தினான். இரண்டாவது படம் சிமிட்டியது. டிஸ்க்கின் வயரைப் பிடுங்கினான். டிஸ்க் சுழல்வது நின்றது, அதன் சிறிய விளக்கு அணைந்தது, ஆனால் பச்சைக் கோடு தன்பாட்டுக்கு நகர்ந்தது. போனை எடுத்துத் திரையைப் படம் பிடித்தான். போனில் விழுந்த படத்தில் எல்லாக் கட்டங்களும் ஏற்கெனவே காலியாக இருந்தன. திரையில் அவள் இன்னும் முப்பத்தைந்து கட்டங்களில் இருந்தாள், போனில் ஒன்றில்கூட இல்லை. போனை மேஜைமேல் குப்புறப் போட்டான்.

அப்போதுதான் ஸ்கூட்டர் படத்தைக் கவனித்தான். அதன் முறை இன்னும் வரவில்லை. ஆனால் ஸ்கூட்டர் சீட்டில் அக்கா இல்லை. அவள் படத்தின் வலது ஓரத்தில் நின்றாள். பாதி உடம்பு கட்டத்துக்கு வெளியே போயிருந்தது. ஒரு சடையும் ஒரு தோளும் மட்டும் தெரிந்தன.

அவன் இமைக்காமல் பார்த்தான். அவள் அசையவில்லை. அவன் கண் எரிந்து ஒரு தடவை இமைத்தான். சடை இல்லை.

அடுத்த கட்டத்தில் அக்கா இரண்டு பேராக இருந்தாள்.

பத்து வயது அக்கா, பன்னிரண்டு வயது அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். கோடு நகர்ந்தது. அந்தக் கட்டம் சிமிட்டுவதற்குள் இரண்டு பேரும் அதற்கு அடுத்ததற்குப் போயிருந்தார்கள். அங்கே மூன்று பேர். பாயில் இருந்த குழந்தையும் எங்கிருந்தோ வந்து சேர்ந்திருந்தது, பெரியவள் ஒருத்தி அதை இடுப்பில் தூக்கி வைத்திருந்தாள். தூக்குகிறபோது ஒரு பக்கமாகச் சாய்ந்து நிற்கும் அதே நிலை.

அறையில் ஒரு சத்தம் கேட்டது. முதலில் மின்விசிறி என்று நினைத்தான். மின்விசிறி ஓடவில்லை. மானிட்டருக்குப் பின்னால், சுவருக்கும் மேஜைக்கும் நடுவில், துணி உரசும் சத்தம். ஒரே இடத்தில் நிறையப் பேர் நெருக்கியடித்து நிற்கும்போது வருமே, அது. நடுவில் அடங்கிய குரலில், "தள்ளு, தள்ளு. இன்னும் கொஞ்சம்."

அவனால் எழுந்திருக்க முடியவில்லை.

எட்டுப் பேர். பதினொரு பேர். கட்டத்துக்குள் இடம் போதாமல் அவர்கள் ஓடினார்கள். அவன் பார்க்கும்போது யாரும் அசையவில்லை. இமைத்தால் இடம் மாறினார்கள். இமைக்காமலும் இருக்க முடியவில்லை. ஒவ்வொரு கட்டமாக அவன் கைவேலை வந்து அவர்களைத் துரத்தியது. பத்து வருடத்துக்கு முன்னால் தான் இழுத்து மூடிய திரைச்சீலை, சுவர், செடி, வானம். எல்லாம் நேர்த்தியாக. ஒரு குறை சொல்ல முடியாத நேர்த்தி.

"அக்கா" என்றான். "போதும்கா. நான் வேணும்னு செய்யல."

அதுவும் பொய்தான். சொன்னவுடனேயே முகம் சுட்டது.

கோடு கடைசிவரை போய் நின்றது. நாற்பது கட்டங்கள் காலி. நாற்பத்தோராவது மட்டும் மாறவில்லை, ஏனென்றால் அதில் மாற்றுவதற்கு ஒன்றுமில்லை. புதுக் காமிரா வாங்கிய அன்று, வெளிச்சம் சரியாக இருக்கிறதா என்று பார்க்க அப்பா சும்மா எடுத்த படம் அது. பழைய வீட்டின் ஹால், காலி சோபா. ஆளே இல்லாத படம் என்பதால் அவன் அதைத் தொட்டதே இல்லை.

இப்போது அதில் ஆள் இருந்தது.

திறந்தான். திறக்காமல் இருக்க முடியவில்லை. திரை முழுக்க விரிந்தது. குட்டிப் படங்களின் மங்கல் இதில் இல்லை, மூலப் படத்தின் முழுத் தெளிவு, ஒவ்வொரு முடியும் தனித்தனியாக. சோபாவின் கைப்பிடியில், பின்னால், தரையில், ஒருத்தி தோளுக்குப் பின்னால் இன்னொருத்தியாக நாற்பது அக்காக்கள். சீருடை, கவுன், பாவாடை, வீட்டைவிட்டுப் போன வருடத்துச் சுடிதார். குரூப் போட்டோவுக்கு நெருக்கி நிற்பதுபோல நின்று, எல்லோரும் அவனையே பார்த்தார்கள். ஒருத்தி முகத்திலும் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் தேவலை. போட்டோகிராபர் சொல்வதற்காகக் காத்திருக்கும் முகங்கள் அவை.

சோபாவின் நடுவில் மட்டும் ஒரு சின்ன இடம் விட்டிருந்தார்கள்.

வாசல் மணி அடித்தது.

அவன் துள்ளி எழுந்தான். முதலில் செய்த காரியம் மானிட்டரை அணைத்ததுதான். பயத்தைவிட வெட்கம் முன்னால் வந்து நின்றது. சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு போய்க் கதவைத் திறந்தான்.

வாசலில் நரைக்கத் தொடங்கிய ஒரு மனிதர், சோப்புப் போட்டும் போகாத கிரீஸ் கறை படிந்த நகங்களோடு. அவர் கையைப் பிடித்துக்கொண்டு மஞ்சள் கவுன் போட்ட ஒரு சிறுமி. முன்பல் ஒன்று விழுந்திருந்தது. முகத்தைப் பார்த்தால் ஒன்பது வயது அக்காதான். அச்சு அசல்.

"வாங்க" என்றான். அந்த மனிதரை அவன் இதுவரை எந்த முறை சொல்லியும் கூப்பிட்டதில்லை. "வாங்க அத்தான்."

அத்தானின் கண் கலங்கிவிட்டது. "பரவால்ல தம்பி, பரவால்ல" என்று அவன் மன்னிப்பு கேட்டதுபோலவே பதில் சொன்னார்.

சிறுமி அவனை அண்ணாந்து பார்த்தாள். "மாமா, நீங்கதானே மந்திரவாதி? நீங்க நெனச்சா ஆளையே காணாம பண்ணிடுவீங்கன்னு அம்மா சொல்லியிருக்காங்க."

"சுண்டெலி, வாயை வச்சுக்கிட்டுச் சும்மா இரு" என்றார் அத்தான் அவசரமாக. பிறகு, "படம் எங்க இருக்கு மாமான்னு கேளு."

"படம் உள்ள கம்ப்யூட்டர்ல இருக்கு. அது கொஞ்சம் மக்கர் பண்ணுது, நான் சரி பண்ணிட்டு..." என்று அவன் மென்று விழுங்குவதற்குள் சிறுமி அறைக்குள் ஓடிவிட்டாள். அவன் பின்னாலேயே போக ஒரு அடி வைத்தான். அத்தான் அவன் கையைப் பிடித்தார்.

"தம்பி, ஒரு நிமிஷம். குழந்தை முன்னாடி பேச வேணாம்னுதான். படம் எல்லாம் அழிஞ்சுபோச்சுன்னா நேரா சொல்லிடுங்க. நான் அவளைச் சமாளிச்சுக்கறேன்."

ஹால் சுவரில் அன்று காலையில் அவன் கழற்றி ஒளித்துவைத்த குடும்பப் படத்தின் ஆணி நீட்டிக்கொண்டிருந்தது. அத்தான் அதைப் பார்த்தார். அவனும் பார்த்தான்.

"அழிஞ்சுபோகல. நான்தான் அழிச்சேன்" என்றான். "அப்பா ஒரு படம்தான் கேட்டார். எல்லாத்தையும் நானே..."

"தெரியும். அவளுக்கும் தெரியும்" என்றார் அத்தான். "உங்கப்பா போனப்ப அவ வந்தாளே, நீங்க ரூமை விட்டு வெளியவே வரல. இங்க நின்னுதான் அந்தப் படத்தைப் பார்த்திருக்கா. வீட்டுக்கு வந்து சொன்னா, 'நான் நின்ன இடமே தெரியலைங்க, அவ்வளவு அழகா செஞ்சிருக்கான்'னு. பெருமையாத்தான் சொன்னா தம்பி. சத்தியமா."

அவன் கூனிக் குறுகிப்போனான். அன்று அவன் அறைக் கதவுக்கு உள்பக்கம் நின்று அவள் காலடிச் சத்தம் போகும்வரை காத்திருந்தது நினைவுக்கு வந்தது. இந்த மனிதர் ஒரு அறை விட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

உள்ளேயிருந்து சிறுமியின் குரல் கேட்டது. "மாமா! இதுல எல்லாருமே அம்மாவா?"

அவன் மானிட்டரை அணைத்திருந்தான். நிச்சயமாக அணைத்திருந்தான்.

"சுண்டெலி, அதைப் பார்க்காத, வெளிய வா!"

"கூப்பிடறாங்க மாமா" என்றாள் அவள், சிரித்துக்கொண்டே. "தள்ளி உக்காந்து இடம் குடுக்கறாங்க."

ஓடினான். ஆறே அடி. கதவு பாதி சாத்தியிருந்தது. தள்ளினான்.

அறையில் யாரும் இல்லை.

கறுப்புத் திரைச்சீலை அசையவில்லை. ஜன்னல் கம்பிகள் இருந்தபடி இருந்தன. அவன் நாற்காலி மானிட்டரைப் பார்த்துத் திரும்பியிருந்தது. உட்கார்ந்து எழுந்த நாற்காலிபோல லேசாகச் சுழன்று நின்றது. அதன் முதுகுத் துணியில் ஒரு மைக்கறை உண்டு. இப்போது இரண்டு. ஒரே அளவு, ஒரே வடிவம், பக்கத்துப் பக்கத்தில். ஆளை எடுத்துவிட்டுப் பின்னால் இருப்பதைக் கொண்டு மூடும்போது அவசரக்காரன் செய்கிற தப்பு அது. ஒரே இடத்திலிருந்து இரண்டு தடவை எடுத்துப் பூசுவது.

தொட்டுப் பார்த்தான். துணி வெதுவெதுப்பாக இருந்தது.

மானிட்டரைப் பார்க்கவில்லை. பார்க்காமலே ஹாலுக்குத் திரும்பினான். "அத்தான், குழந்தை... குழந்தை உள்ள இல்ல."

அத்தான் சோபாவில் நிம்மதியாக உட்கார்ந்திருந்தார். "எந்தக் குழந்தை தம்பி?"

"சுண்டெலி. உங்க பொண்ணு. இப்ப உங்க கையைப் பிடிச்சுக்கிட்டு..."

அவர் அவனை வேதனையோடு பார்த்தார். "எங்களுக்குக் குழந்தை பொறக்கவே இல்லையே. உங்களுக்குத் தெரியாதுல்ல, பாவம், யார் சொல்லியிருக்கப்போறா. அவளுக்கு அந்த ஏக்கம் கடைசிவரைக்கும் இருந்துச்சு." எழுந்து அவன் தோளைத் தட்டினார். "நான் ஒருத்தன்தான் வந்தேன். படம் உள்ளதானே இருக்கு? வாங்க, பார்ப்போம்."

சொல்லியிருக்க வேண்டும். அவர் சட்டையைப் பிடித்து உலுக்கிச் சொல்லியிருக்க வேண்டும். அவன் வாயைத் திறந்தான். என்ன சொல்வது? எதை நம்புவார்? அதற்குள் அவர் அறைக்குள் போயிருந்தார்.

"அடேயப்பா" என்றார் திரையின் முன்னால் நின்று. "எல்லாமே அவளா? ஒரே படத்துல இப்படி அடுக்கியிருக்கீங்களே. மந்திரவாதிதான் நீங்க." குனிந்தார். நடு சோபாவை விரலால் காட்டினார். "இது எந்த வயசு? ஒம்பது இருக்குமா? மஞ்சள் கவுன் போட்டுக்கிட்டு."

அவன் பார்த்தான்.

நடுவிலிருந்த இடம் நிரம்பியிருந்தது. இரண்டு பக்கமும் அக்காக்கள் அவளை நெருக்கி உட்கார்ந்திருந்தார்கள். தோளில் கை, இடுப்பில் கை, தலையில் கை, எல்லாம் வலிக்காத மாதிரி, பாசமாக. இப்போது அத்தனை பேரும் சிரித்தார்கள். அவள் மட்டும் சிரிக்கவில்லை. வாய் திறந்திருந்தது. ஒரு உள்ளங்கை முன்னால் நீண்டு, கண்ணாடியில் வைத்து அழுத்தியதுபோலத் தட்டையாக வெளுத்திருந்தது.

"இவதான் ரொம்ப அழகு" என்றார் அத்தான். "இதையே பிரிண்ட் போட்டுக் குடுங்க தம்பி. பெருசா. எனக்கு இது போதும்."

இப்போதாவது சொல். சொல்லுடா. "சரிங்க அத்தான்" என்று வந்தது. மறுபடியும் திரையைவிட்டுக் கண்ணை எடுக்காமலேதான் சொன்னான்.

பிரிண்டர் காகிதத்தை உள்ளே இழுத்தது. மை வாசனை எழுந்தது. மேலிருந்து கீழே, ஒரு நூல் ஒரு நூலாக வெளியே வந்தது: ஹாலின் சுவர், பின்வரிசைத் தலைகள், சிரிப்புகள். பிறகு சிறுமியின் வகிடு. நெற்றி. கண்கள். அவை நேராக அத்தானைப் பார்த்தன.

அவர் இரண்டு கையாலும் ஓரத்தைப் பிடித்துப் படத்தை வாங்கிக்கொண்டார். மேஜை விளக்கின் கீழே கொண்டுபோய்ப் பார்த்தார்.

"தம்பி, இங்க மட்டும் ஈரமா இருக்கே. மை காயலையா?"

அவன் எட்டிப் பார்த்தான். காகிதம் முழுக்கக் காய்ந்துதான் இருந்தது. சிறுமியின் கண்களுக்குக் கீழே மட்டும் இரண்டு கோடு, பளபளவென்று.

அத்தான் கைக்குட்டையை எடுத்தார். அதன் சுத்தமான மூலையாகப் பார்த்து மடித்து, படம் கெட்டுவிடக்கூடாதே என்று மெதுவாக, மிக மெதுவாக ஒற்றி எடுத்தார். துடைத்த இடத்தில் மறுபடி பளபளத்தது. அவர் மறுபடி துடைத்தார்.